மீதியை வெள்ளித்திரையில் காண்க

பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் கதைச்சுருக்கம் எப்படி முடியும் என்பது நினைவிருக்கும். கதாநாயகன் சிறைக்குப் போய்விட்டான், தங்கை வீட்டை விட்டு வெளியேறிவிட்டாள், சொத்துப் பத்திரம் வில்லன் கையில் சிக்கிவிட்டது என்று எல்லா முடிச்சுகளையும் போட்டுவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று அச்சடித்திருப்பார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று கொட்டகை இருந்த ஊர்களிலெல்லாம் வாசலில் விற்ற அந்த மெலிந்த புத்தகம், வாங்கியவருக்குப் பாட்டின் சொற்களைத் தந்தது; படத்தை எடுத்தவருக்கு விளம்பரமாகவும் ஆனது. விளம்பரத்துக்கு வாடிக்கையாளரே காசு கொடுத்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இசைக் காணொளி என்பது பாட்டை விற்பதற்காக எடுக்கப்படும் விளம்பரப் படம் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். மேலை நாடுகளின் வரலாற்றில் சில பத்தாண்டுகளுக்கு இந்த விளக்கம் பொருந்தும். அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவாகப் பொருந்தாது. தமிழ்நாட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தவே பொருந்தாது. பாட்டோடு சேர்ந்த படம் ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு சரக்கை விற்றிருக்கிறது. ஆகவே எந்தக் காணொளியைப் பார்த்தாலும், இது எதை விற்கிறது, இதன் செலவை யார் ஏற்றுக்கொண்டார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. குமரி மாவட்டத்தில் இன்று வாரந்தோறும் எடுக்கப்படும், சினிமா சாராத ஒற்றைப் பாட்டுக் காணொளிகளான 'ஆல்பம் சாங்'குகளைப் புரிந்துகொள்ளவும் இந்த இரண்டு கேள்விகள்தான் எனக்கு உதவியிருக்கின்றன.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் சினிமாவே கிடையாது. 1894-இல் நியூயார்க்கில் எட்வர்ட் மார்க்ஸ், ஜோசப் ஸ்டெர்ன் என்ற இரு பதிப்பாளர்கள், வழி தவறிய சிறுமியைக் கண்டெடுக்கும் காவலர் அவள் தன் மகளே என்று அறிந்துகொள்ளும் கதையைச் சொல்லும் ஒரு பாட்டை வெளியிட்டனர். இசைத்தட்டு வீடுகளுக்குள் வராத காலம் அது. வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் வாங்கிச் சென்று வாசிக்கும் இசைத்தாள்தான் அன்றைய வணிகச் சரக்கு. அந்தத் தாளை விற்பதற்காக, ஜார்ஜ் தாமஸ் என்ற மின்பணியாளரின் துணையோடு, ஆட்களை நிறுத்தி நிழற்படம் எடுத்து, அவற்றைக் கண்ணாடிச் சில்லுகளில் ஏற்றி, பாடகர் மேடையில் பாடப் பாட விளக்கொளியில் திரையில் காட்டினார்கள். இசைத்தாள் 20 லட்சம் படிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. 'படப்பாட்டு' என்று நாம் அழைக்கக்கூடிய இந்த வழக்கம் அமெரிக்காவின் சிற்றரங்குகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. அதன் கடைசிச் சில்லில் பல்லவியின் சொற்களை மட்டும் எழுதிக் காட்டுவார்கள். அரங்கில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். பாடிய வாய் சும்மா இருக்காது, வீட்டுக்குப் போகும்போது தாளையும் வாங்கிக்கொண்டு போகும் என்பது கணக்கு.

அடுத்த முயற்சியில் படமே சரக்காயிற்று. 1940-இல் சிகாகோவின் மில்ஸ் நாவல்ட்டி நிறுவனம் 'பனோரம்' என்ற பெட்டியை உருவாக்கியது. மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் வைக்கப்பட்ட அந்தப் பெட்டியில் 10 சென்ட் நாணயத்தைப் போட்டால் சுமார் 3 நிமிடம் ஓடும் ஒரு பாட்டுப் படம் கண்ணாடித் திரையில் தெரியும். 'சவுண்டீஸ்' என்று அவற்றுக்குப் பெயர். ஒரு சுருளில் 8 பாடல்கள் இருந்தன. எந்தப் பாடல் அடுத்து நிற்கிறதோ அதைத்தான் பார்க்க முடியும், விரும்பியதைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. டியூக் எலிங்டன், நாட் கிங் கோல் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் பாடி ஆடிய காட்சிகள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம். உலகப் போர்க் காலத்து உலோகத் தட்டுப்பாட்டால் பெட்டி செய்வது நின்றது. 1940-களின் பிற்பகுதியில் தொழிலும் ஓய்ந்தது. 1960-களில் பிரான்சில் 'ஸ்கோபிடோன்' என்று வண்ணத்தில் ஒன்று வந்து அதுவும் சில ஆண்டுகளில் மறைந்தது. பார்ப்பதற்குக் காசு கேட்டால் பாட்டுப் படம் நிலைப்பதில்லை என்று இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம்; ஆனால் இலவசமாகக் காட்டப்படும் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்ததுதான் உண்மையான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொலைக்காட்சி வந்தபின் பாடகர்களுக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. இசைத்தட்டு வெளியாகும்போது ஒவ்வொரு நாட்டின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நேரில் போய் நின்று பாட வேண்டும். பீட்டில்ஸ் குழுவினர் 1966 மே மாதத்தில், மைக்கேல் லிண்ட்சே ஹாக் என்ற இயக்குநரைக் கொண்டு இரண்டு பாடல்களுக்குப் படமெடுத்து, தாங்கள் போகாமல் படச்சுருளை அனுப்பிவைத்தார்கள். 1975-இல் குவீன் குழுவினரின் கிட்டத்தட்ட 6 நிமிட நீளப் பாடல் ஒன்று, பல குரல்களை அடுக்கி அடுக்கிப் பதிவு செய்யப்பட்டதால், மேடையில் வாயசைத்துக் காட்டக்கூட ஒவ்வாததாக இருந்தது. அதற்காக ஒரே நாளில், சில மணி நேரத்தில், 5,000 பவுண்டுக்கும் குறைவான செலவில் எடுத்த காணொளி பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஓடியது. பாடலும் 9 வாரம் முதலிடத்தில் நின்றது. கலைஞருக்குப் பதிலாகப் பயணம் செய்யும் ஒரு பிரதிநிதியாகத்தான் இக்காலக் காணொளி இருந்தது. அதன் செலவு, பயணச் செலவோடு ஒப்பிட்டால் மிச்சம்.

1981 ஆகஸ்ட் 1-ஆம் நாள் அமெரிக்காவில் தொடங்கிய எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி, இந்தப் பிரதிநிதியை முழுநேர ஊழியனாக்கியது. ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு மிகப் பெரிய செலவு நிகழ்ச்சித் தயாரிப்பு. எம்டிவிக்கோ இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்தச் செலவில் எடுத்த காணொளிகளை இலவசமாகக் கொடுத்தன. விளம்பரங்களுக்கு இடையே நிகழ்ச்சியைக் காட்டுவது தொலைக்காட்சியின் வழக்கம் என்றால், விளம்பரங்களுக்கு இடையே விளம்பரங்களைக் காட்டியது எம்டிவி. தொடக்கத்தில் அதன் கையில் இருந்தவை சில நூறு காணொளிகளே. அவற்றில் பிரிட்டிஷ் குழுக்களின் பங்கு அதிகம். காரணம், காணொளி எடுக்கும் பழக்கம் ஐரோப்பாவில் முன்பே ஊன்றியிருந்தது. விளைவாக, வானொலியில் ஒலிக்காத பிரிட்டிஷ் பாடல்களை, எம்டிவி எட்டிய சிறு நகரங்களின் கடைகளில் வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்டார்கள். 1983 வாக்கில் அமெரிக்கப் பட்டியல்களில் பிரிட்டிஷ் பாடல்கள் நிரம்பி வழிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே நிலையம் கறுப்பினக் கலைஞர்களைத் திரையில் காட்டத் தயங்கியது என்ற கடுமையான குற்றச்சாட்டும் அக்காலத்திலேயே எழுந்தது. 1983-இல் மைக்கேல் ஜாக்சனின் காணொளிகள் ஓடத் தொடங்கியபிறகே அந்தக் கதவு திறந்தது.

ஜாக்சனின் 'திரில்லர்' இந்த வரலாற்றில் தனியாக நின்று பார்க்க வேண்டிய இடம். இசைத்தொகுப்பு 1982 நவம்பரில் வெளியாகி, ஓராண்டு ஓடி, விற்பனை தளரும் நேரத்தில், ஜான் லாண்டிஸ் இயக்கத்தில் சுமார் 14 நிமிடக் குறும்படமாக 1983 டிசம்பரில் அந்தக் காணொளி வந்தது. செலவு பல லட்சம் டாலர். காணொளிக்குக் காசு கொடுப்பதில்லை என்பது எம்டிவியின் கொள்கை. ஒன்றுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்ற அச்சம். ஆகவே, காணொளி எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தயாரித்து, அந்த ஆவணப்படத்தின் உரிமையைத் தொலைக்காட்சிகளுக்கு விற்று, அதில் வந்த பணத்தில் காணொளியை எடுத்தார்கள். பிறகு காணொளியும் ஆவணப்படமும் ஒரே வீடியோ கேசட்டாகக் கடைகளிலும் லட்சக்கணக்கில் விற்றன. தொகுப்பின் விற்பனையும் மீண்டும் ஏறியது. ஆக, விளம்பரம் எடுக்கப்பட்ட கதையே ஒரு சரக்கு. அந்தச் சரக்கின் பணத்தில் விளம்பரம். அந்த விளம்பரம் இன்னொரு சரக்கு. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் தர்க்கம் டாலர் கணக்கில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

இந்தப் பொற்காலத்தின் கணக்குப் புத்தகத்தில், அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. காணொளியின் செலவை இசைத்தட்டு நிறுவனம் கொடுத்தது என்றாலும், ஒப்பந்தப்படி அதில் பாதியையேனும் கலைஞரின் உரிமைத்தொகையில் கழித்துக்கொள்வது அங்கே வழக்கம். தன் முகத்தை விளம்பரப்படுத்தியதற்கான கட்டணத்தைப் பாடகரே தவணை முறையில் செலுத்தினார்.

தமிழ்நாட்டின் வரலாறு இதற்குத் தலைகீழானது. 1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' தொடங்கித் தமிழ்ப் பேசும்படம் பாட்டோடுதான் பிறந்தது. பாட்டுக்கென்று தனியாகப் படமெடுக்கும் தேவை இங்கே எழவில்லை. பாட்டின் படம் முழுநீளப் படத்துக்குள்ளேயே இருந்தது. மேற்கில் படம் பாட்டை விற்றது என்றால், இங்கே பாட்டு படத்தை விற்றது. பாட்டை முதலில் காதில் விட்டு, அதன் காட்சியைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து, ஆவலை வளர்த்து, ஆளைக் கொட்டகைக்கு வரவழைப்பது நம் பழைய முறை. காட்சியை மறைப்பதே விளம்பரமாக இருந்தது.

குமரி மாவட்டத்தில் இந்த மறைப்பு மற்ற மாவட்டங்களைவிடக் கெட்டியாக இருந்தது என்பதற்கு நிலவியலும் அரசியலும் காரணம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த பகுதி இது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர், சென்னையோ சுமார் 700 கிலோமீட்டர். 1952 முதல் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது நாடு முழுவதும் இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பியது. தென்கடற்கரையில் அதன் தமிழ் ஒலிபரப்பு பக்கத்து வீட்டுக் குரல்போல் தெளிவாகக் கேட்டது. 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக நாகர்கோவில் நிலையம் தொடங்கப்பட்டபோது, பாட்டு இன்னும் நெருங்கி வந்தது. காட்சி மட்டும் வரவில்லை. தமிழ்நாட்டின் மற்ற வீடுகள் வெள்ளிக்கிழமை மாலையில் சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்காகக் கூடியிருந்த ஆண்டுகளில், எங்கள் கல்குளம் பகுதியின் ஆன்டெனாக்கள் வடமேற்கே திருவனந்தபுரத்தை நோக்கி நின்றன. அங்கிருந்து வந்த 'சித்ரகீதம்' நிகழ்ச்சியில் மலையாளப் பாட்டுகளின் காட்சிகளைப் பார்த்து வளர்ந்தோம். தமிழ்ப் பாட்டைக் காதாலும் மலையாளப் பாட்டைக் கண்ணாலும் அறிந்த ஒரு தலைமுறை இந்த மாவட்டத்தில் உண்டு. தமிழ்ப் பாட்டின் காட்சியை நாங்களே மனத்தில் அமைத்துக்கொண்டு, பிறகு கொட்டகையில் அசல் காட்சியைப் பார்த்துப் பல முறை ஏமாந்திருக்கிறோம். டிக்கெட்டுக் காசு அதற்குள் கொட்டகைக்காரரிடம் போயிருக்கும்.

1993-இல் சன் டிவியும் 2004-இல் சன் மியூசிக்கும் வந்தபின் காட்சியை மறைத்துவைக்கும் முறை தளர்ந்தது. படம் வெளியாகும் முன்பே பாட்டின் சில நொடிகளைக் காட்டுவதும், வெளியானபின் முழுப் பாட்டையும் ஓயாமல் ஓட்டுவதும் வழக்கமாயின. இதற்கிடையே 1994-இல் சேனல் வி, 1996-இல் எம்டிவியின் இந்தியப் பதிப்பு ஆகியவை வந்தன. 1995-இல் இந்திப் பாடகி அலிஷா சினாயும் 1997-இல் 'வந்தே மாதரம்' தொகுப்பின் வழியாக ஏ.ஆர். ரகுமானும் படமில்லாப் பாட்டுக்கும் பெரிய சந்தை உண்டு என்று காட்டினார்கள். அந்த அலை தமிழில் ஆழமாக ஊன்றவில்லை. திரைப்பாடல் என்ற ஆலமரத்தின் அடியில் வேறு செடி முளைப்பது எளிதன்று.

யூடியூப் 2005-இல் வந்தது. அதன் முழு விளைவைத் தமிழ்ப் பாட்டுலகம் உணர்ந்தது 2011 நவம்பர் 16-ஆம் நாள் வெளியான 'கொலவெறி' பாட்டில்தான். '3' என்ற படத்துக்காக அனிருத் இசையமைத்து தனுஷ் பாடிய அந்தப் பாட்டின் காணொளியில் படத்தின் காட்சி எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தலையணியும் கையுமாக நின்று பாடியதையும் சிரித்ததையும் எடுத்திருந்தார்கள். வெளியிட்டது இசை நிறுவனம், விற்க வேண்டியது படம், பரவியதோ காணொளி. நாடு கடந்து, மொழி கடந்து ஓடிய அந்தக் காணொளிக்குப் பிறகு 2012 மார்ச்சில் வந்த படம் பாட்டின் புகழுக்கு ஈடாக ஓடவில்லை. விளம்பரத்தின் வெற்றியும் சரக்கின் வெற்றியும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்த் திரையுலகம் இதைவிடத் தெளிவாகக் கற்ற பாடம் வேறு இருக்க முடியாது. ஆனால் அது கற்றுக்கொண்டது வேறொன்றை: படத்தின் காட்சியைச் செலவழிக்காமலே பாட்டுக்குக் காணொளி தரலாம் என்பதை.

இன்றைய 'லிரிக்கல் வீடியோ' அந்த அறிவின் விளைவு. பாட்டின் சொற்கள் திரையில் ஓடும். இடையிடையே நிழற்படங்களும், நடன ஒத்திகையின் சில நொடிகளும், படப்பிடிப்புத் துணுக்குகளும் வரும். முழுக் காட்சி வராது. சொல்லைக் கொடுத்துக் காட்சியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பாட்டுப் புத்தகத்தின் வேலையையே இது செய்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் எனக்கு உறுத்துகிறது. பாட்டுப் புத்தகம் தமிழ் எழுத்தில் இருந்தது. பெரும்பாலான லிரிக்கல் வீடியோக்களில் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன. பிறமொழிக்காரர்களும் படிக்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். ழகரமும் ளகரமும் எந்த எழுத்தில் வருகின்றன என்று தேடுவதற்குள் சரணம் முடிந்துவிடுகிறது.

முழுக் காட்சி எப்போது வரும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2018 டிசம்பர் 21-ஆம் நாள் 'மாரி 2' வெளியானது. அதன் 'ரவுடி பேபி' பாட்டின் முழுக் காணொளி 2019 ஜனவரி 2-ஆம் நாள்தான் யூடியூபுக்கு வந்தது. படம் அரங்குகளில் தன் பங்கை ஈட்டியபின் காட்சி இணையத்தில் தன் பங்கை ஈட்டத் தொடங்கியது. 2020 நவம்பரில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டிய முதல் தென்னிந்தியப் பாட்டாயிற்று. இங்கே காணொளி எதை விற்கிறது? படம் ஓடி முடிந்துவிட்டது. இசைத்தட்டு என்ற ஒன்று கடையிலேயே இல்லை. காணொளிக்கு முன்னாலும் நடுவிலும் வரும் சோப்பு, கைப்பேசி விளம்பரங்களுக்கான பார்வையாளர்களைத்தான் அது விற்கிறது. அந்த விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு உரிமையாளருக்கு வருகிறது. 1981-இல் எம்டிவிக்கு இலவசமாகக் கொடுத்த அதே பொருள், இப்போது கொடுத்தவருக்கே வாடகை ஈட்டித் தருகிறது. ஆனால் வாடகை யார் கைக்குப் போகிறது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. படம் சாராமல் 2021 மார்ச்சில் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று அதன் தயாரிப்பில் பங்கேற்ற சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னபோது, பார்வை எண்ணிக்கையைக் கண்டு மலைத்திருந்த பலருக்கும் அது அதிர்ச்சியாக இருந்தது.

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அந்த இடத்தை ரீல்ஸும் ஷார்ட்ஸும் பிடித்துக்கொண்டபின், பாட்டுக்குள்ளேயே ஒரு 15 நொடித் துண்டு விளம்பரத்துக்கென்று தனியாகத் தைக்கப்படுகிறது. யாரும் ஆடிப் பார்க்கக்கூடிய ஓர் அசைவு, யாரும் வாயசைக்கக்கூடிய ஒரு வரி. இதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

குமரி மாவட்டத்துக்குத் திரும்பினால், படமில்லாப் பாட்டு தமிழில் ஊன்றவில்லை என்ற பொதுக்கூற்றுக்கு இந்த மாவட்டமே மறுப்பாக நிற்பதைக் காணலாம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். மண்டைக்காட்டு மாசிக் கொடையும், சுவாமித்தோப்பு அய்யாவழித் திருவிழாக்களும், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவும் ஊர் ஊராக ஆட்களை இழுக்கும் நிகழ்வுகள். இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டுகள் உண்டு. கேசட் காலத்தில் கேசட்டாகவும், பிறகு திருவிழாக் கடைகளில் விசிடியாகவும், இப்போது யூடியூப் சேனலாகவும் அவை வந்துகொண்டே இருக்கின்றன. சினிமாவை நம்பாத ஒரு பாட்டுத் தொழில், கீபோர்டு கலைஞர்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் கேமராக்காரர்களுமாக, நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2000-க்குப் பின் பெருகிய 'ஆல்பம்' பாட்டுகளின் சாயலும் இதில் ஒட்டியிருக்கிறது. 'ஆல்பம்' என்ற சொல் தொகுப்பைக் குறிக்காமல் ஒற்றைப் பாட்டின் காணொளியைக் குறிப்பது இரு பக்கமும் பொதுவான வழக்கு.

இந்தக் காணொளிகள் எதை விற்கின்றன? விசிடி விற்ற காலத்தில் விசிடியையே விற்றன. இப்போது அவை பாடகரை விற்கின்றன. கிறிஸ்துமசுக்கு முந்திய வாரங்களில் புதுப் பாட்டொன்றை வெளியிடும் பாடகருக்கு யூடியூப் தரும் பணம் பெரும்பாலும் செலவில் ஒரு சிறு பகுதியைக்கூட மீட்டுத் தராது. ஆனால் அந்தக் காணொளியைப் பார்த்து ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கோ, பங்குத் திருவிழா இன்னிசைக்கோ, கல்யாண வரவேற்புக்கோ அழைப்பு வந்தால், முதல் நிகழ்ச்சியிலேயே அதன் பயன் தெரிந்துவிடும். பீட்டில்ஸ் குழுவினர் பயணத்தைத் தவிர்க்கக் காணொளி எடுத்தார்கள். நம் பாடகர்கள் பயணம் கிடைப்பதற்காக எடுக்கிறார்கள். செலவை ஏற்பவர் பெரும்பாலும் பாடகரே. சில வேளைகளில் வெளிநாட்டில் இருக்கும் உறவினர். கோயில் பாட்டென்றால் ஊர்க் கமிட்டி. பெயர்ப்பட்டியலில் 'நன்றி' என்ற தலைப்பின் கீழ் ஓடும் பெயர்கள்தான் இந்தத் தொழிலின் வங்கி.

இந்தக் காணொளிகளின் பின்னணியில் எப்போதும் ஒரே நான்கைந்து இடங்கள் வருவதற்கும் வரலாறு உண்டு. 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-இல் 'கடலோரக் கவிதைகள்' ஆகிய பாரதிராஜாவின் படங்களில் முட்டம் கடற்கரையின் பாறைகளும் தேவாலயமும் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தன. ஒரு மீனவ ஊருக்கு, ஒரு காசு செலவில்லாமல், பாட்டு விளம்பரம் செய்தது. அதற்குப் பின் பாட்டுக் காணொளி எடுக்கும் எவரும் முட்டத்துப் பாறைமேல் ஒருமுறை ஏறாமல் இருப்பதில்லை. மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சங்குத்துறை, சிதறால் மலை என்று பட்டியல் நீண்டிருக்கிறது. டிரோன் வந்தபின் 133 அடித் திருவள்ளுவர் சிலையைச் சுற்றி வராத காணொளி குறைவு. பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் எளிதில் வசப்படாது. மண் தமிழ்நாட்டுடையது, பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையுடையது என்பதால் அனுமதிக்கு எல்லை தாண்ட வேண்டும். கதவுப் பக்கம் நின்று எடுத்து ஒப்பேற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இதே இடங்களில் இன்று பாடகர்களைவிட அதிகமாக நிற்பவர்கள் கல்யாண ஜோடிகள். அவுட்டோர் எடுப்பது என்ற பெயரில், திரைப்பாட்டொன்றை ஓடவிட்டு, புகைக்குண்டு கொளுத்தி, முந்தானையைக் காற்றில் பறக்கவிட்டு எடுக்கும் அந்த மூன்று நிமிடம் எல்லா இலக்கணத்தோடும் அமைந்த இசைக் காணொளி. மணமக்கள் செலவை ஏற்கிறார்கள். காணொளியின் மூலையில் ஸ்டூடியோவின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. அதைப் பார்த்து அடுத்த ஜோடி வருகிறது. தன் விளம்பரத்தின் செலவைத் தானே கட்டிய அமெரிக்கப் பாடகராவது தன் பாட்டை விற்றுக்கொண்டார். இங்கே ஜோடி கட்டும் காசில் விற்பனையாவது கேமராக்காரரின் சேவை. யாரும் குறைபட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

திரைப்பாட்டின் லிரிக்கல் வீடியோக்கள் ஆங்கில எழுத்துக்குப் போய்விட்ட இக்காலத்திலும், இந்த மாவட்டத்தின் பக்திப் பாட்டுக் காணொளிகளில் சொற்கள் பெரும்பாலும் தமிழிலேயே, பெரிய எழுத்தில் வருகின்றன. மொழிப்பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. அந்தக் காணொளிகள் கைப்பேசியோடு நின்றுவிடுவதில்லை. பல ஆலயங்களில் அவற்றைப் புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் காட்டுகிறார்கள். பாட்டுப் புத்தகம் கொண்டுவராத பிள்ளைகளும், கண்ணாடியை வீட்டில் மறந்த பெரியவர்களும் சுவரைப் பார்த்துச் சேர்ந்து பாடுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாலைக் கூட்டத்தில் நானும் அப்படிப் பாடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், சுவர் முழுவதும் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் எழுந்தது. கணினிக்குப் பக்கத்தில் இருந்த பையன் 'ஸ்கிப்' வருவதற்காக விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்த 5 நொடியும் முன்வரிசைப் பாட்டிமார் நிறுத்தவில்லை. பல்லவி அவர்களுக்கு மனப்பாடம்.